ஊரில் நடந்த ஷூட்டிங் கதை உண்மைதானா? தோண்டிப் பார்ப்பது எப்படி

பொள்ளாச்சி, கோபி, உடுமலை, ஆனைமலை என்று எங்கள் பக்கம் எந்த ஊர் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒரு ஷூட்டிங் கதை காதில் விழாமல் இருக்காது. இந்தத் திண்ணையில்தான் ஹீரோ உட்கார்ந்தார், அந்தக் கிணற்றில்தான் சண்டைக்காரர் குதித்தார், பாட்டுக்கு எங்கள் மாட்டுவண்டியைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே கதையை நாலு பேர் நாலு படத்துக்குச் சொல்வார்கள், வாட்ஸ்அப்பில் அதற்கு இன்னும் கொஞ்சம் கைகால் முளைக்கும், கடைசியில் எது நடந்தது எது வளர்ந்தது என்று சொன்னவருக்கே தெரியாது. இதைப் பிரித்துப் பார்க்க சினிமாக்காரராக இருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் பொறுமையும், படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற பழக்கமும், பெரியவர்களிடம் சரியான கேள்வி கேட்கிற பக்குவமும் இருந்தால் போதும்.

முதலில் கேட்ட கதையை ஒரே வரியில் எழுதிவையுங்கள். எந்தப் படம், எந்த இடம், யார் சொன்னது. அதற்குக் கீழே இன்னொரு கேள்வி: சொன்னவர் அந்த இடத்தில் இருந்தாரா? இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். இளையராஜாவின் முதல் படமான அன்னக்கிளிக்கு (1976) முதல் பாட்டு ரெக்கார்டிங் ஆரம்பிக்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதை ராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார், அந்த அறையில் நின்றவர் அவர், அதனால் நம்பலாம். ஆனால் அந்தப் படம் எடுத்தது பவானிசாகர் தாண்டி, காட்டுக்குள் போய், மாயாற்றையும் கடந்தால் வரும் தெங்குமரஹாடாவில். ஷூட்டிங்கில்தான் கரண்ட் போனது, இந்த ஊரில்தான் போனது என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம், ஏனென்றால் பாட்டுப் பதிவு நடந்தது சென்னையில். கதை உண்மை, இடம் தப்பு. ஊர்க்கதைகளில் பெரும்பாலும் கெட்டுப்போவது இடமும் வருஷமும்தான், சம்பவம் அல்ல.

அடுத்து படத்தைப் போடுங்கள், ஆனால் கதையைப் பார்க்க வேண்டாம். சென்சார் சர்ட்டிபிகேட்டில் ஆரம்பித்து டைட்டில் முடியும்வரை ஒவ்வொரு கார்டிலும் நிறுத்தி போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் பார்க்காத அந்த 'நன்றி' கார்டுதான் நமக்குப் புதையல்: வீடு கொடுத்தவர், தோட்டம் கொடுத்தவர், மில் முதலாளி, ஊர்ப் பொதுமக்கள் என்று அதில் பெயர்கள் இருக்கும். சில படங்களில் வெளிப்புறப் படப்பிடிப்பு யூனிட்டின் பெயரும் தனியாக வரும். சர்ட்டிபிகேட்டில் தேதியும் நீளமும் இருக்கும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

டைட்டிலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. 1948ல் வந்த அபிமன்யு படத்துக்கு வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. அப்போது அவர் கோவையில் ஜூபிடர் சினிமா கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருந்தார், ஆனால் படத்தில் அவர் பெயர் வரவில்லை. இந்த மாதிரி இடங்களில் பாட்டுப் புத்தகம், அந்தக் காலத்துப் பத்திரிகை விளம்பரம், சம்பந்தப்பட்டவர் எழுதிய சுயசரிதை என்று இரண்டாவது சாட்சி தேடியே ஆக வேண்டும்.

ஊர்ப் பெயரில் ஒரு பெரிய குழி இருக்கிறது, எங்கள் பக்கத்து ஆட்களே அதில் விழுகிறார்கள். சிங்காநல்லூர் என்று இரண்டு ஊர். ஒன்று கோவை சிங்காநல்லூர், அங்கேதான் சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்த ராஜகுமாரி (1947) அங்கே உருவானதுதான். இன்னொன்று பொள்ளாச்சி பக்கத்து சிங்காநல்லூர், தேவர் மகன் (1992) வீடு இருப்பது அங்கே. "சிங்காநல்லூர்ல எடுத்தாங்க" என்று ஒருவர் சொன்னால் உடனே, "எந்தச் சிங்காநல்லூருங்க?" என்று கேட்டுவிடுங்கள். அதே போல கதை நடக்கிற ஊரையும் படம் எடுத்த ஊரையும் கலக்கக் கூடாது. தேவர் மகன் கதை தென்மாவட்டத்தில் நடக்கிறது, கேமரா நின்றதோ பொள்ளாச்சியில்.

16 வயதினிலே (1977) இன்னும் வேடிக்கை. மண்வாசனை என்றாலே அந்தப் படம்தான், ஆனால் பெரும்பகுதி எடுத்தது கர்நாடகத்துக் கொள்ளேகாலில். அந்தக் கொள்ளேகால் 1956ல் மொழிவழி மாநிலம் பிரிக்கும் வரைக்கும் நம்முடைய கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்த தாலுகா! இதைச் சொன்னால் நம்ப மறுப்பார்கள், பழைய ஜில்லா மேப் ஒன்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே படத்தில் 'செந்தூரப் பூவே' பாட்டு. ஸ்லோமோஷன் எடுக்க வசதி இல்லாததால் ஸ்ரீதேவியையே மெதுவாக ஓடச் சொல்லி எடுத்தார்கள் என்பது ரொம்பப் பிரபலமான கதை. இதற்கு யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம், நீங்களே பார்த்து முடிவு பண்ணலாம். ஸ்லோமோஷன் என்பது கேமராவை வேகமாக ஓட்டுவது. வினாடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 48 எடுத்துவிட்டு, தியேட்டரில் 24ஆகவே ஓட்டினால் எல்லாமே பாதி வேகத்தில் தெரியும். இந்த 'எல்லாமே' என்பதுதான் பிடி. நடிகை மெதுவாக ஓடலாம், ஆனால் தாவணி நுனியும் தலைமுடியும் காற்றில் ஆடும் செடியும் அவருக்காக மெதுவாக ஆடாது. காலையும் கையையும் பார்க்காமல் துணியின் நுனியை மட்டும் பாருங்கள், குதித்து இறங்கும்போது பாவாடை எவ்வளவு சீக்கிரம் கீழே படிகிறது என்று கவனியுங்கள். சாதாரண வேகத்தில் படிந்தால் நடிப்பு, மிதந்து இறங்கினால் கேமரா. ஒரு முறை இப்படிப் பார்க்கப் பழகிவிட்டால் அப்புறம் எந்தப் படத்திலும் ஏமாற மாட்டீர்கள்.

கணக்கு போட்டே உடைக்கக்கூடிய கதைகளும் உண்டு. 35 எம்எம் பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம், நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 1000 அடிச் சுருள் என்றால் 11 நிமிஷம், கேமராவில் பிலிமை வைக்கும் பெட்டியான மேகசின் 400 அடிக் கையடக்கம் என்றால் நாலரை நிமிஷம்கூட வராது. ஆகவே பிலிம் காலத்துப் படம் ஒன்றைப் பற்றி, "அந்தக் காட்சிய கட் பண்ணாம இருவது நிமிஷம் ஒரே ஷாட்ல எடுத்தாங்க" என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் நடந்திருக்காது. சென்சார் சர்ட்டிபிகேட்டில் நீளம் மீட்டரில் இருந்தால் 27.4ஆல் வகுங்கள், நிமிஷம் வந்துவிடும். 4000 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 146 நிமிஷம். யூடியூபில் இருக்கும் பிரதி அதைவிட 20 நிமிஷம் குறைச்சலாக இருந்தால், "தியேட்டர்ல பார்த்த சீன் இப்ப இல்லைங்க" என்று புலம்பும் பெரியவர் சொல்வது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அதிகம் என்றுதான் சொன்னேன், ஏனென்றால் டிவியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நம் நாட்டுப் பழைய டிவி முறையான பேல் (PAL) வினாடிக்கு 25 பிரேம் காட்டும். 24ல் எடுத்த படத்தை அப்படியே 25ல் ஓட்டி மாற்றினால் 150 நிமிஷப் படம் ஒரு காட்சிகூட வெட்டாமல் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும். பாட்டின் சுருதியும் கொஞ்சம் ஏறிவிடும். சின்ன வயதில் டிவியில் கேட்ட பாட்டு கேசட்டில் வேறு மாதிரி இருந்ததே என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. எனவே 4 சதவீதம் வரைக்கும் குறைந்தால் வெட்டு என்று முடிவு கட்டாதீர்கள்.

நீளத்தில் ஒளிந்திருக்கும் இன்னொரு சரித்திரம் ஹரிதாஸ். 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்த பாகவதர் படம், எடுத்தது கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில். அந்தக் காலத்துப் படங்கள் மூன்று மணி நேரம் சர்வசாதாரணமாக ஓடும்போது இது மட்டும் ஏன் சுமார் 2 மணி நேரத்தில் முடிகிறது? இரண்டாம் உலகப் போர். கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்து, படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு போட்டிருந்தது. 11,000ஐ 90ஆல் வகுத்துப் பாருங்கள்.

பாட்டு சம்பந்தமான கதை என்றால் ஒன்றை மனதில் வையுங்கள். பின்னணிப் பாடகர் ஷூட்டிங் ஸ்பாட்டுக்கு வந்து பாடுவதில்லை. ஏற்கெனவே பதிவு செய்த பாட்டை டேப்பில் போட்டு, ஸ்பீக்கரில் அலறவிட்டு, நடிகர்கள் வாயசைப்பார்கள். "ஜானகியம்மா எங்க ஊருக்கு வந்து பாடுனாங்க" என்பது கச்சேரியாக இருக்கலாம், ஷூட்டிங்காக இருக்க முடியாது. ஆனால் இதே விஷயம் நமக்கு உதவவும் செய்யும். ஒரே பல்லவியை நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் போடுவதால், சுற்றி நின்ற பிள்ளைகளுக்குப் படம் வரும் முன்பே பாட்டு மனப்பாடம் ஆகிவிடும். "பாட்டு ரேடியோவுல வர்றதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும், ஆனா அந்த ரெண்டு வரி மட்டுந்தான் தெரியும்" என்று ஒருவர் சொன்னால் அவர் நிஜமாகவே அங்கே நின்றவர். இட்டுக்கட்டுகிறவருக்கு அந்த 'ரெண்டு வரி மட்டும்' தோன்றவே தோன்றாது.

இனி ஆட்களிடம் பேசுவது. இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும், இதைத்தான் தள்ளிப்போடக் கூடாது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கோபிப் பக்கமும் பொள்ளாச்சிப் பக்கமும் ஷூட்டிங்குக்கு வண்டி ஓட்டியவர்கள், சமைத்தவர்கள், கூட்டத்தில் நின்றவர்கள், வீட்டைத் திறந்து கொடுத்தவர்கள் எல்லாம் இப்போது வயதாகி உட்கார்ந்திருக்கிறார்கள். நடிகர்களைப் பேட்டி எடுக்க ஆயிரம் பேர் உண்டு, இவர்களிடம் கேட்க ஆள் இல்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, சாயங்காலம் பால் கறக்கப் போகும் முன் இருக்கும் நேரத்தில் போங்கள். போனதும் நடிகர் பெயரை எடுக்காதீர்கள். பெயரைச் சொன்ன உடனே அவர்கள் நாம் கேட்க ஆசைப்படுவதைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், அது அவர்கள் தப்பில்லை, விருந்தாளிக்கு நல்லதாகப் பரிமாற வேண்டும் என்கிற குணம். அதற்குப் பதில், "ஏனுங்க அப்பாரு, அந்தப் படம் எடுக்கறப்ப ஜெனரேட்டர் வண்டிய எங்க நிறுத்துனாங்க?" என்று கேளுங்கள். "சமையல் எந்தக் களத்துல நடந்துச்சுங்க? உங்களுக்குப் பேட்டா யாரு கொடுத்தாங்க, அன்னிக்கேவா, பேக்கப் ஆன பொறவா?" இந்த மாதிரிக் கேள்விக்கு யாரும் பதிலைத் தயாராக வைத்திருப்பதில்லை. யோசித்து, கையை நீட்டி, "அதா, அந்த வேப்பமரத்தடியில நிறுத்தி, ஒயர இப்படி வாய்க்கா மேல இழுத்துட்டுப் போனாங்க கண்ணு, அத மிதிக்க வேண்டாம்னு எங்களையெல்லாம் தொரத்திட்டே இருப்பாங்க" என்று வரும். அந்த மாதிரி ஒரு பதில் வந்துவிட்டால் அதன் பின்னால் நடிகரும் இயக்குநரும் தானாக வருவார்கள், கேட்க வேண்டியதே இல்லை.

வருஷம் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது, கேட்கவும் வேண்டாம். நோம்பியை, அதாவது ஊர்த் திருவிழாவை வைத்துக் கேளுங்கள். மாரியம்மன் நோம்பி சாட்டிய பிறகா, அதற்கு முன்பா? ஆடிப்பெருக்குக்கு முன்பா? பெரிய பையன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தானா? எந்த மாதம் என்று கண்டுபிடிக்க வாய்க்கால் இருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறப்பார்கள், கோபிப் பக்கம் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்குக் கொடிவேரியிலிருந்து தண்ணீர் வரும். படத்தில் வயல் நடவு நட்டு ஒரு சாண் உயரத்தில் இருக்கிறதா, கதிர் சாய்ந்திருக்கிறதா, வாய்க்கால் காய்ந்து கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெரியவர் சொல்லும் பருவத்தோடு ஒத்துப்பார்த்தால் மாதக்கணக்குக்குக் கிட்டத்தில் வந்துவிடலாம். சென்சார் தேதி அதற்குச் சில மாதங்கள் பின்னால் இருக்க வேண்டும், முன்னால் இருந்தால் படம் வேறு.

அப்புறம் இடத்தைப் பொருத்துவது. மரம் போயிருக்கும், வீட்டை இடித்துக் கட்டியிருப்பார்கள், மலை நகராது. படத்தில் மலை தெளிவாகத் தெரிகிற பிரேமை எடுத்துக்கொண்டு, அதன் முகட்டுக் கோட்டை மட்டும் பாருங்கள். பொள்ளாச்சியில் நின்றால் ஆனைமலைத் தொடர் தெற்கே நிற்கும், அதனால் மலையைப் பார்த்து நிற்கும் நடிகருக்கு வெயில் இடப்பக்கம் விழுந்தால் காலை, வலப்பக்கம் என்றால் மாலை. அந்த இடத்துக்கே போய் அதே கோணத்தில் ஒரு போட்டோ எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாக்குவாதமே வராது. கோவை - பொள்ளாச்சி ரோட்டில் நிழல் கொடுத்த புளியமரங்களில் பெரும்பகுதியை ரோடு அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள். அந்த நிழல் இன்றைக்கு மிச்சம் இருப்பது பழைய படங்களில் ஹீரோ கார் ஓட்டும் பிரேம்களில்தான், அதற்காகவாவது இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு விஷயம், தெங்குமரஹாடா மாதிரி காட்டுக்குள் இருக்கும் ஊருக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் கிளம்ப வேண்டாம். தனியார் வீடு என்றால் வெளியே நின்று கூப்பிட்டு, சரி என்று சொன்னால் மட்டும் உள்ளே.

இதையெல்லாம் சேர்த்து ஒரு படத்தில் செய்து பார்க்க ஆசை என்றால் மலைக்கள்ளனில் (1954) ஆரம்பியுங்கள், அவ்வளவு இருக்கிறது அதில். டைட்டிலில் கதை யார் என்று பாருங்கள்: நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, காவிரிக்கரை மோகனூரில் பிறந்தவர், 'கத்தியின்றி ரத்தமின்றி' பாடிய அதே ஆள், எம்.ஜி.ஆருக்கு ஒரு கொள்ளைக்காரன் கதை கொடுத்திருக்கிறார். வசனம் கருணாநிதி. எடுத்தது கோவை பக்ஷிராஜா ஸ்டுடியோ, தயாரித்து இயக்கியவர் ஸ்ரீராமுலு நாயுடு. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம். நாயுடு அதோடு விடவில்லை, தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று இன்னும் ஐந்து மொழிகளுக்குக் கொண்டுபோனார். இந்தியில் ஆசாத் (1955), திலீப் குமாரும் மீனாகுமாரியும். சோக வேஷமே போட்டுப் போட்டு மனசு களைத்துப்போய், இனிக் கொஞ்சம் லேசான வேஷம் பண்ணு என்று டாக்டரே சொன்ன சமயத்தில் திலீப் குமாருக்கு வந்த படம் அது, அதற்காகக் கோயம்புத்தூருக்கு வந்து நடித்தார், பிலிம்ஃபேர் விருதும் வாங்கினார். "திலீப் குமார் கோயமுத்தூர்ல இருந்தாருங்க" என்று ஒரு தாத்தா சொல்லும்போது சுற்றி இருப்பவர்கள் சிரித்தால், நீங்கள் சிரிக்காமல் நோட்டை எடுங்கள்.

மலைக்கள்ளனை முடித்தவர்கள் சின்னப்பா தேவருக்குப் போகலாம். கோவை ராமநாதபுரத்து ஆள், ராஜகுமாரியில் எம்.ஜி.ஆரோடு சண்டை போட்டவர். 1967ல் தமிழில் தெய்வச்செயல் என்று எடுத்தார், ஓடவில்லை. அதே கதையை 1971ல் ராஜேஷ் கன்னாவை வைத்து இந்தியில் ஹாத்தி மேரே சாத்தி என்று எடுத்தார், வட நாடே கொண்டாடியது. அதை மறுபடி 1972ல் எம்.ஜி.ஆரை வைத்துத் தமிழுக்கு நல்ல நேரமாகக் கொண்டுவந்தார். சேலம் பக்கத்தவர்கள் ஏற்காடு ரோட்டில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவிலிருந்து தொடங்குங்கள். திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரத்தின் சினிமா கம்பெனி அது, முதல் மலையாளப் பேசும்படம் பாலன் (1938) பிறந்தது கேரளத்தில் இல்லை, நம் சேலத்தில்.

கிடைத்ததை எழுதும்போது மூன்று நிறமாகப் பிரித்து எழுதினால் பின்னால் வருகிறவர்களுக்குக் குழப்பம் இருக்காது: படத்திலேயே தெரிவது ஒரு நிறம், அங்கே நின்றவர் சொன்னது ஒரு நிறம், ஊரில் பொதுவாகப் பேசிக்கொள்வது ஒரு நிறம். பேச்சைப் போனில் பதிவு செய்யும் முன் கேட்டுவிடுங்கள். பெயர் போடலாமா என்றும் கேளுங்கள், வேண்டாம் என்றால் "அன்று வண்டி ஓட்டியவர்" என்று எழுதினால் போதும், வீட்டு அடையாளமும் போன் நம்பரும் எங்கேயும் வரக் கூடாது.

யார் வீட்டிலாவது பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ ஸ்டில்லோ கிடைத்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள், அங்கேயே வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள், அட்டையின் பின்பக்கத்தையும் சேர்த்து, ஏனென்றால் அச்சகத்தின் பெயரும் தியேட்டர் முத்திரையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். லேமினேட் பண்ணி வைக்கிறேன் என்று அவர்கள் சொன்னால் தடுத்துவிடுங்கள், அந்தச் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பழைய தாளிலிருந்து பிரிக்கவே முடியாது. சாதாரண வெள்ளைக் காகித உறையில் போட்டு, ஈரம் படாத பீரோவில் படுக்கையாக வைக்கச் சொல்லுங்கள். எடுத்த போட்டோவில் ஒரு பிரதியை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் போனுக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.